முப்பத்தேழு ஜாங்கிரி

ஊசி போட்டுக்கொண்ட கையோடு ஜாங்கிரி தின்று காட்ட வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அது கம்பெனிக்காரர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்ட சடங்கு. சர்க்கரை நோயை ஒரே ஊசியில் தீர்க்கும் மருந்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது என்று ஆறு வருடத்துக்கு முன்பு எந்தப் புண்ணியவானோ யோசனை சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து ஒவ்வொரு புது பேட்ச் மருந்துக்கும் செங்கல்பட்டு மைதானத்தில் பந்தல் போடுவார்கள். ஆயிரம் பேர் பார்க்கச் செங்கமலம் மேடையில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொள்வாள். பிறகு தட்டிலிருந்து பெரிய ஜாங்கிரி ஒன்றை எடுத்து முழுதாகத் தின்று முடிப்பாள். ஜனங்கள் கை தட்டுவார்கள்.

அன்று முப்பத்தேழாவது ஜாங்கிரி. எடுத்ததாக நினைத்துக் கையை வாய்க்குக் கொண்டுபோனாள், ஜாங்கிரி மடியில் கிடந்தது. விரலில் பிசுபிசுப்பு இருந்ததா இல்லையா என்றே அவளுக்குத் தெரியவில்லை. குனிந்து எடுத்துத் தின்றாள். கூட்டம் சிரித்தது, அவளும் சிரித்துவைத்தாள்.

"எரியலையாம்மா? எனக்குப் போட்டப்போ தோள்ல நெருப்பு வெச்ச மாதிரி இருந்துச்சே" என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார். ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் இதைக் கேட்பது வழக்கம்.

"எனக்குப் பழகிப்போச்சுங்க" என்றாள். ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் சொல்லும் பதிலும் அதுதான்.

இந்தச் சட்டம் வந்த கதை ஊருக்கே தெரியும். 2042-இல் ஈரலுக்கென்று வந்த ஒரு மரபணு மருந்து நானூறு பேரின் பார்வையைப் பறித்தது. கம்பெனி, டாக்டர்களைக் கை காட்டியது, டாக்டர்கள் அரசாங்கத்தைக் கை காட்டினார்கள், அரசாங்கம் விசாரணைக் கமிஷன் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஜனங்கள் சாதாரண ஜுர ஊசிக்குக்கூடக் கை நீட்ட மறுத்தார்கள். மருந்து செய்கிறவன் முதலில் போட்டுக்கொள்ளட்டும் என்று ஊர் ஊராகச் சுவரில் எழுதினார்கள். அப்படியே ஆகட்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டுவிட்டது. ஒவ்வொரு பேட்சிலிருந்தும் முதல் ஊசியைக் கம்பெனி ஆள் ஒருவர் ஊரறியப் போட்டுக்கொள்ள வேண்டும். பத்து நாள் கழித்து, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கையெழுத்திட வேண்டும். அதன் பிறகுதான் அந்த பேட்ச் வெளியே போகும். அந்த ஆளுக்குச் சட்டத்தில் நீளமாக ஏதோ பெயர் இருந்தது. ஜனங்கள் 'முதலூசி' என்று சுருக்கிக்கொண்டார்கள்.

சட்டத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரியும் உண்டு. முதலூசி கையெழுத்திட்ட பேட்சினால் பிற்பாடு யாருக்கு என்ன ஆனாலும் கம்பெனி பொறுப்பாகாது. இந்த வரியை யாரும் சுவரில் எழுதவில்லை.

செங்கமலம் இந்த வேலைக்கு வந்தது அவளுடைய அண்ணனால். அண்ணன் ஏகாம்பரம் மதுராந்தகத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். சர்க்கரையில் முதலில் ஒரு கால் விரல் போயிற்று, பிறகு பாதம், பிறகு முழங்கால் வரை. அந்தச் சமயத்தில்தான் 'சமனி' சோதனை மருந்தாக வந்தது. ஒரு முறை போட்டுக்கொண்டால் போதும், உடம்பின் தசைகளே தேவையான இன்சுலினைச் சுரக்கக் கற்றுக்கொள்ளும். அதே கம்பெனியில் மருந்துக் குப்பிகளைப் பெட்டியில் அடுக்கும் பிரிவில் இருந்த செங்கமலம் அண்ணனிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தாள். "எவனோ பண்ணத எவனோ எடுத்தாந்து என் ஒடம்புல நட்டுட்டுப் போவானா? நீ போய் உன் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டார். நாலு மாதத்தில் இறந்தும்விட்டார். முதலூசிக்கு ஆள் வேண்டும் என்று கம்பெனியில் கேட்டபோது மற்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். செங்கமலம் ஒருத்திதான் கையைத் தூக்கினாள்.

அது ஆறு வருடத்துக்கு முன்பு. இப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது.

விழா முடிந்து காரில் ஏறியதும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரே மூச்சில் குடித்தாள். வண்டியை ஓட்டியவர் கம்பெனியின் தர மேலாளர் கோதண்டம். முதலூசி விழாக்களைத் தொடக்கத்திலிருந்து நடத்திவருபவர் அவர்தான். அமைதியான மனிதர். அவளிடம் ஒரு நாளும் ஒருமையில் பேசியதில்லை.

"நாளான்னிக்கு சைதாப்பேட்டையில மருந்துப் பொறுப்புத் தீர்ப்பாயத்துல விசாரணைம்மா. உங்களையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க" என்றார்.

"எதுக்கு சார்?"

"முப்பத்தி ரெண்டாவது பேட்ச். ஒன்பது மாசத்துக்கு முன்னாடி போனது. ஆம்பூர் பக்கம் இருநூத்திப் பதினாலு பேர் கை மரத்துப்போச்சுன்னு கேஸ் போட்டிருக்காங்க."

"மருந்தாலயா?"

"அப்படித்தான் சொல்றாங்க. உங்க கையெழுத்து இருக்கறதால கம்பெனி மேல வராது, ஆனா மருந்து மேலயே தப்புன்னு ஆயிட்டா தடை பண்ணிடுவாங்க. அவங்க எல்லாருமே பழைய சர்க்கரைக்காரங்க. சர்க்கரை இருந்தா கை கால் மரக்கும்மா, அது நோயோட வேலை. நம்ம வக்கீல் அதைத்தான் சொல்லப்போறார். அதுக்கு நீங்கதான் ஆதாரம். உங்களுக்குச் சர்க்கரை கிடையாது. அதே பேட்ச்சை நீங்களும் போட்டுக்கிட்டீங்க. உங்களுக்கு மரக்கலைன்னா மருந்து மேல தப்பு இல்லைன்னு ஆயிடும். ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க."

செங்கமலம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாங்கிரிச் சாயம் இன்னும் போகவில்லை.

"எனக்கும் மரத்துத்தான் சார் இருக்கு."

கோதண்டம் வண்டியைச் சாலையோரம் நிறுத்தினார்.

"எது?"

"விரல் நுனியெல்லாம். பாதம் ரெண்டும். ரெண்டு வருஷமாவே இப்படித்தான்."

"ஏன் ஒரு தடவைகூட எழுதிக் குடுக்கல?"

"புதுசா ஏதாவது தொந்தரவு இருக்கான்னுதானே சார் ஃபாரத்துல கேக்கறாங்க. மொதல்ல லேசாத்தான் இருந்துச்சு. வயசாவுதுன்னு விட்டுட்டேன். அப்புறம் அது பழசாயிடுச்சு."

அவர் அவளை ஒரு நிமிடம் வெறித்துப் பார்த்தார். "உங்களுக்கு எப்படிம்மா மரக்கும்?" என்றார். அந்தக் கேள்வியில் பயம் இல்லை. பூட்டிவிட்டு வந்த வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்தவர்போலக் கேட்டார். செங்கமலத்துக்கு அது விநோதமாகப் பட்டது.

"மருந்து போட்டா மரக்குதுன்னுதானே சார் அவங்க சொல்றாங்க" என்றாள்.

அவர் வண்டியை மறுபடி கிளப்பினார். "இதை வெளியில சொல்லாதீங்கம்மா. கம்பெனிக்காகச் சொல்லல. நாப்பது லட்சம் பேர் சமனி போட்டுட்டு நல்லா இருக்காங்க. முதலூசிக்கே மரத்துப்போச்சுன்னு நாளைக்குப் பேப்பர்ல வந்தா, போட வேண்டியவன் பயந்துபோய் வீட்லயே உக்காந்துடுவான். உங்க அண்ணன் மாதிரி."

எங்கே அழுத்தினால் வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் வலிக்கவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த நாள் முழுவதும் வீட்டிலேயே கிடந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்க உட்கார்ந்தால் மனம் எதிலும் நிற்கவில்லை. இருநூற்றுப் பதினாலு பேர் என்று சொல்லிப் பார்த்தாள். நாற்பது லட்சம் பேர் என்று சொல்லிப் பார்த்தாள். இரண்டுமே வெறும் எண்ணாகத்தான் இருந்தன. அண்ணனின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அழுகை வந்தால் ஒரு முடிவும் கூடவே வரும் என்று நினைத்தாள். அழுகை வரவில்லை. தாகம்தான் வந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

தீர்ப்பாயம் ஒரு பழைய அரசாங்கக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. கீழே ஒரு கேன்டீன். மதியம் மூன்று மணிக்குத்தான் சாட்சி என்று சொல்லிவிட்டதால் செங்கமலம் அங்கே ஒரு மூலையில் டீயோடு உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எதிரில் வந்து உட்கார்ந்தாள். வலது கை ஆள்காட்டி விரலில் நகத்தின் நடுவே ஒரு தழும்பு இருந்தது.

"நீங்கதான அந்த ஜாங்கிரி அக்கா?" என்றாள்.

"ஆமாம்மா."

"எம் பேரு அம்சவேணி. ஆம்பூரு. இந்தக் கேஸ்ல மொதப் பேரு என்னுதுதான்."

செங்கமலத்துக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. எழவில்லை.

"சண்ட போட வர்ல. சும்மா பாக்கணும்னு வந்தேன். டிவில நீங்க ஜாங்கிரி துன்றதப் பாத்துட்டுத்தான் நானு ஊசி போட்டுக்கினேன். இந்தக்கா மூஞ்சப் பாத்தா பொய் சொல்ற மாதிரி தெரிலன்னு எங்க வூட்டுக்காரராண்டகூடச் சொன்னேன்." அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. "ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற வேலைக்கா எனக்கு. பதினெட்டு வருசம். சக்கர சரியாப் போச்சு, அத்த நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒரே வாரத்துல ரெண்டு கையும் செத்துப்போச்சு. மிஷின் ஊசி வெரல்ல பூந்து அந்தாண்ட வந்துச்சு. தோல்ல ரத்தத்தப் பாத்துட்டுத்தான் தெரிஞ்சுக்கினேன். இப்ப உள்ளயே வுட மாட்டேங்கறாங்க."

"எனக்குத் தெரியாதும்மா. எனக்கு ஒண்ணும் ஆவல, அதனால கையெழுத்துப் போட்டேன்."

"அதான் கேக்கலாம்னு வந்தேன். நெசமாவே ஒண்ணும் ஆவலயா? போட்டப்ப எரியவே இல்லயா?"

"பழகிப்போச்சு" என்று வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகுதான், முதல் முறை போட்டபோதும் எரியவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அப்போது எப்படிப் பழகியிருக்கும்? அந்தக் கேள்வியை இத்தனை நாள் அவள் கேட்டுக்கொண்டதே இல்லை.

டீயைக் குடித்து, ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டு, எழுந்து கழிப்பறைக்குப் போய்வந்தாள். அரை மணியில் இது இரண்டாவது தடவை. அம்சவேணி அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்புக் கடித்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அது கடித்து ஒன்றரை மாதம் ஆகிறது.

"அக்கா, தப்பா நெனச்சுக்காத. உனுக்குச் சக்கர கீதா?"

செங்கமலம் சிரித்துவிட்டாள். இரண்டு நாளில் அவள் சிரித்தது அதுதான். "முப்பத்தேழு ஊசிம்மா."

"அது தெரியும். ஆனா பன்னண்டு வருசம் அத்தோட குடித்தனம் பண்ணவ நானு. எங்க பாத்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்."

அம்சவேணி பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். சர்க்கரை பார்க்கும் மெஷின். தேவைப்படாமல் போனபிறகும் அதைச் சுமப்பதை அவள் விடவில்லை. செங்கமலத்தின் விரலைப் பிடித்துக் குத்தி, பட்டையில் ரத்தத்தைத் தொட்டாள். இருவரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார்கள்.

முந்நூற்று எண்பத்தாறு.

"மிஷின் கெட்டுப்போச்சு போல" என்றாள் செங்கமலம்.

அம்சவேணி தன் விரலில் குத்திப் பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு. மறுபடி செங்கமலத்தின் இன்னொரு விரல். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.

"சமனி போட்டவங்களுக்கு எத்தத் துன்னாலும் நூத்தி நாப்பதத் தாண்டாதுக்கா. எங்க தெருவுல அத்தினி பேருக்கும் பாத்துட்டோம்."

"ஒரு ஊசி வேலை செய்யாமப் போயிருக்கும்."

"முப்பத்தேழுமா?"

கேன்டீன்காரர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார். அம்சவேணி மெதுவாகக் கேட்டாள். "அப்ப உனுக்குப் போட்டது இன்னாக்கா?"

செங்கமலத்துக்கு அந்த நீலப் பெட்டி நினைவுக்கு வந்தது. கூட்டத்துக்கான மருந்து பெரிய ஐஸ் பெட்டியில் வரும். அவளுக்கான குப்பி மட்டும் ஒரு குட்டி நீலப் பெட்டியில், கோதண்டம் சாரின் கையாலேயே வரும். அதை அவர் தனக்குக் கொடுக்கும் மரியாதை என்று ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குப்பியில் இருந்த வெறும் தண்ணீரைப் போட்டுக்கொண்டு, ஜாங்கிரியைத் தின்று, அண்ணனைக் கொன்ற நோயை அவள் மேடை போட்டு வளர்த்திருக்கிறாள். சர்க்கரை பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முப்பத்தேழு சமனி போட்டவளுக்கு எதற்குச் சர்க்கரை பார்க்க வேண்டும்? அவளுக்கே தோன்றவில்லை.

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது அவமானம்தான். அதுவும் எங்கோ தூரத்தில் யாருக்கோ நேர்ந்ததுபோல இருந்தது.

"நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள் அம்சவேணி, பெட்டியை மூடிக்கொண்டே. "வெளிய வந்தா நீயும் தெரிஞ்சேதான் செஞ்சன்னுவாங்க. உன் இஷ்டம்."

மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். நடுவில் நீதிபதியம்மா, பக்கத்தில் மருத்துவ உறுப்பினர் டாக்டர் இமானுவேல். பின்வரிசையில் கோதண்டம் உட்கார்ந்திருந்தார். கம்பெனி வக்கீல் எழுந்து, கல்யாண வீட்டில் விசாரிப்பதுபோல இனிமையாக ஆரம்பித்தார்.

"முப்பத்திரண்டாவது பேட்சை நீங்க போட்டுக்கிட்டீங்க. அதுக்கப்புறம் உங்களுக்குக் கை மரத்துப்போச்சா?"

"அதுக்கப்புறம் இல்லீங்க. அதுக்கு முன்னாடியே மரத்துப்போச்சு. ரெண்டு வருஷமாவுது."

வக்கீலின் முகம் ஒரு நொடி வெளுத்துப் பிறகு தெளிந்தது. கெட்டிக்காரர். "அப்படின்னா இந்த பேட்சால வந்தது இல்லை, சரிதானே?"

"சரிங்க. எந்த பேட்சாலயும் வரல." அவள் நிறுத்தினாள். இதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிவிட்டால் எல்லாம் அப்படியே இருக்கும். கம்பெனி ஜெயிக்கும், அம்சவேணி ஊருக்குப் போவாள், அடுத்த பேட்சுக்குப் பந்தல் போடுவார்கள். பின்வரிசையில் கோதண்டம் லேசாகத் தலையசைத்தார், போதும் இறங்குங்கள் என்பதுபோல. "எனக்குச் சக்கரை இருக்குங்க" என்றாள்.

டாக்டர் இமானுவேல் புன்னகைத்தார். "உங்களுக்கு இருக்க முடியாதும்மா. ஒரு டோஸ் போட்டாலே வராது."

"அதான் சார் நானும் சொல்றேன்" என்று கையை நீட்டினாள். "பாருங்க."

வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதியம்மா கீழ்த்தள முதலுதவி அறையிலிருந்து ஒரு மெஷினை எடுத்துவரச் சொன்னார். டாக்டர் மேடையிலிருந்து தானே இறங்கி வந்தார்.

"எந்த விரல்ல குத்தட்டும்?"

"எதுல வேணா குத்துங்க சார். தெரியாது."

திரையைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "நானூத்தி ரெண்டு" என்று நீதிபதியம்மாவிடம் சொன்னார். பிறகு பொதுவாக எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினார். சமனி ஒரு முறை உள்ளே போனால் ரத்தத்தில் அதன் சுவடு ஆயுளுக்கும் இருக்கும். அந்தச் சுவட்டைப் பரிசோதித்தால், இந்த அம்மாளுக்குப் போட்டது சமனிதானா என்று மூன்று நாளில் தெரிந்துவிடும். நீதிபதியம்மா அங்கேயே ரத்தம் எடுக்க உத்தரவிட்டார்.

வெளியே வந்தபோது கோதண்டம் மாடிப்படி அருகே நின்றிருந்தார். அவள் கேட்பதற்கு முன்பே பேசினார்.

"உங்களுக்கு முன்னாடி வேற ஒரு கம்பெனியில இதே மாதிரி மருந்துக்கு ஒருத்தர் முதலூசியா இருந்தார். மூணாவது பேட்ச்லயே செத்துட்டார். வெளியில தெரியாம மறைச்சுட்டாங்க. ஆயுசுக்கு ஒரு தடவை போடற மருந்தும்மா இது. திரும்பத் திரும்ப ஒரே உடம்புல போட்டா தாங்காது. சட்டம் எழுதினவங்களுக்கு அது தெரியல. எத்தனாவதுல தாங்காதுன்னு எனக்கும் தெரியல, அதான் மொத ஊசியிலேருந்தே இப்படி. நான் உங்களைக் கொல்லணுமா, தண்ணியப் போடணுமா?"

"ஆளை மாத்தியிருக்கலாமே சார்."

"ஜனங்க உங்களைத்தானேம்மா நம்பினாங்க."

"அப்போ முப்பத்தி ரெண்டாவது பேட்ச்சை யாரு போட்டுப் பாத்தது?"

அவர் படிக்கட்டைப் பார்த்தார். "பரிசோதனைக் கூடத்துல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்றார்.

யாரும் போட்டுப் பார்க்கவில்லை. அம்சவேணிதான் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

"ஜாங்கிரியையாவது தண்ணியில பண்ணியிருக்கலாமே சார்" என்றாள் செங்கமலம். அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. அவள் ரத்தத்தில் சமனியின் சுவடு ஒன்றுகூட இல்லை. முதல் ஊசியே போடாத பேட்சுகளுக்குச் சட்டத்தின் கடைசி வரி பொருந்தாது என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. இருநூற்றுப் பதினாலு பேரின் வழக்கு இனிமேல் கம்பெனியின் மீதே நடக்கும். கோதண்டத்தைக் கைது செய்தார்கள். மருந்தை நிறுத்தவில்லை. முப்பத்திரண்டாவது பேட்சைத் தவிர மற்றவற்றில் குறை எதுவும் தெரியவில்லை என்றும், இனி எல்லாவற்றையும் வெளியாள் வைத்துப் பரிசோதிப்பார்கள் என்றும் அரசாங்கம் அறிவித்தது. அறிவிப்பை யார் நம்பினார்கள்? செங்கமலத்துக்கும் எல்லாம் தெரியும் என்று பாதி ஊர் பேசியது. ஒரு நாள் காலையில் அவள் வீட்டு வாசலில் ஒரு ஜாங்கிரிப் பெட்டி இருந்தது. அவள் கதவைத் திறப்பதற்குள் எறும்பு மொய்த்துவிட்டது. பெட்டியோடு குப்பையில் போட்டாள்.

அதற்கு அடுத்த வாரம் அரசு மருத்துவமனைக்குப் போனாள். டாக்டர் சீட்டில் இரண்டையும் எழுதிக் கொடுத்தார். "வாழ்நாள் பூரா இன்சுலின் போட்டுக்கலாம். இல்லைன்னா சமனி ஒரே ஒரு தடவை. என்னைக் கேட்டா சமனிம்பேன். ஆனா உங்களுக்கு நான் சொல்லக்கூடாது."

இன்சுலின் ஜன்னலில் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. சமனி அறையின் முன்னால் யாரும் இல்லை. கதவில் அவளுடைய படம் இன்னும் ஒட்டியிருந்தது. சிரித்த முகம், கையில் ஜாங்கிரி. கண்கள் இருந்த இடத்தை யாரோ சாவியால் சுரண்டியிருந்தார்கள்.

எதிர் பெஞ்சில் காலில் கட்டுப் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் இல்லை என்பது கட்டின் வடிவத்திலேயே தெரிந்தது. அண்ணனுக்கும் முதலில் கட்டைவிரல்தான் போயிற்று. அவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கதானே அந்தம்மா?"

"ஆமாங்க."

"பேப்பர்ல என்னென்னவோ எழுதறானாம். நான் படிக்கல, படிச்சுச் சொன்னவனையும் நம்பல. காலை எடுக்கணும்கிறாங்க. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. இதைப் போட்டுக்கலாமா?"

ஆறு வருடமாக இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. நான் போட்டுக்கொண்டேன், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"தெரியலைங்க" என்றாள். "நான் இதைப் போட்டுக்கிட்டதே இல்ல."

அவர் தலையாட்டினார். ஏமாந்தவர்போலவும் தெரியவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு இன்சுலின் வரிசைப் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் செங்கமலம்.

சமனி அறைக்குள் போனாள். நர்ஸ் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். செங்கமலம் சீட்டைக் கொடுத்தாள். பெரிய ஐஸ் பெட்டியிலிருந்து, எல்லோருக்கும் எடுப்பதுபோல, நர்ஸ் ஒரு குப்பியை எடுத்தாள். செங்கமலம் அதை வாங்கி, ஒட்டியிருந்த பேட்ச் எண்ணை ஒருமுறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கதவைத் திறந்தே வைக்கச் சொன்னாள். அந்த மனிதர் வாசற்படியில் வந்து நின்று பார்த்தார்.

ஊசி இறங்கியது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தோளிலிருந்து நெருப்பு கிளம்பி முழங்கை வரை இறங்கிற்று. பல்லைக் கடித்தும் முடியாமல் "ஐயோ" என்று வாய்விட்டுச் சொன்னாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ள முயன்றாள், நிற்கவில்லை. அண்ணன் போனதற்கு வராத அழுகை, அன்று கேன்டீனில் வராத அழுகை எல்லாம் சேர்ந்துகொண்டு வந்தது. நர்ஸ் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள்.

"எரியுதாம்மா?" என்று அவர் வாசலிலிருந்து கேட்டார்.

"ரொம்ப எரியுதுங்க."

அவர் உள்ளே வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டே நர்ஸுக்கு எதிரில் உட்காரப் போனார். செங்கமலம் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"இப்போ போடாதீங்க. பத்து நாள் பொறுங்க. எனக்குக் கை இதுக்கு மேல என்ன ஆவுதுன்னு பாப்போம். நான் இங்கயே வரேன், நீங்களும் வாங்க. நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்றேன். இல்லைன்னா இல்லைன்னு சொல்றேன். பாத்துட்டுப் போட்டுக்குங்க."

அவர் யோசித்தார். "பத்து நாள் கால் தாங்குமா?" என்று நர்ஸிடம் கேட்டார். டாக்டரைக் கேட்டு வருவதாகச் சொல்லி நர்ஸ் போனாள். வந்து, அதுவரை இன்சுலின் போட்டுக்கொண்டால் தாங்கும் என்றாள்.

"அப்ப வர்ற புதனுக்கு அடுத்த சனிக்கிழமை" என்று அவர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

"சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு" என்றாள் செங்கமலம். நர்ஸ் அதை அவருடைய சீட்டின் பின்பக்கம் குறித்துக் கொடுத்தாள்.